ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கும் மீன்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வட சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ராயபுரம், தண்டையார்பேட்டை மட்டுமல்ல, நகரத்தின் மறுகோடியிலிருந்தும் பையோடு ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். வஞ்சரத்தின் விலை அன்றைக்கு யாருக்கும் பிடிபடாது. அதே துறைமுகத்துக்குச் செவ்வாயும் புதனும் படகு வருகிறது, மீனும் வருகிறது. வீட்டுக்கு வாங்குகிறவர்களின் கூட்டம்தான் இல்லை. குப்பத்து வீடுகளில் மீன் தினப்படி உணவு, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் குப்பத்தைத் தாண்டி நாலு தெரு உள்ளே வந்துவிட்டால், திருவொற்றியூரிலும் மணலியிலும் எண்ணூரிலும் ஷிஃப்ட் வேலைக்குப் போய்வரும் குடும்பங்களில், மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று ஆகிவிட்டது. ஒரு குழம்பு, ஒரு வறுவல், அரை நாள் வேலை, அப்புறம் தூக்கம். வார நாள் ராத்திரிக்கு மாவு இருந்தால் தோசை, இல்லாவிட்டால் பரோட்டா பார்சல், பிள்ளைகளுக்கு நூடுல்ஸ். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீடுகளில் இப்படி நடப்பது பெரிய இழப்பு. வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை என்று கவிச்சி விலக்கும் நாட்களைக் கழித்தாலும், பல வீடுகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று ராத்திரியாவது மிஞ்சும். அந்த ராத்திரிகளுக்கு மீனைவிடப் பொருத்தமான சமையல்பொருள் கிடையாது. குழம்பும் பொரித்த மீனுமாக இல்லாமல், கொஞ்சம் புளியும் கொஞ்சம் கருப்பட்டியும் சுண்டிய பாகில் புரட்டி எடுத்தால் 25 நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும், உடம்புக்கும் நல்லது.

மீன் சமைக்க நேரம் பிடிக்கும் என்ற நம்பிக்கையை முதலில் பார்த்துவிடலாம். ஆட்டின் தசை, நின்று நடந்து ஏறி இறங்கும் உடம்பைச் சுமப்பது. அதில் நார் நீளம். அந்த நார்களைக் கட்டி வைத்திருக்கும் சவ்வும் கெட்டி. அந்தச் சவ்வு கரைந்து மெத்தென்று ஆவதற்குத்தான் குக்கரில் அத்தனை விசில். மீனின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அதனால் அதன் சதை குட்டைக் குட்டை நார்களாக, ஏடு ஏடாக அடுக்கியிருக்கிறது. ஏடுகளுக்கு நடுவே இருக்கும் சவ்வு மிக மெல்லியது, குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். சதையின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே மீன் வெந்து ஏடு பிரியத் தொடங்கிவிடுகிறது. பாதுகாப்புக்காக அமெரிக்க உணவுத் துறை சொல்லும் அளவும் 63 டிகிரிதான். விரல் கனத் துண்டு அந்தச் சூட்டுக்கு வர ஐந்தாறு நிமிடம் போதும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் எங்கே போகிறது? வெங்காயம் வதங்க, தேங்காய் அரைக்க, புளித்தண்ணீரின் பச்சை வாசனை போகக் கொதிக்க என்று எல்லாம் மசாலாவுக்கான நேரம். மீன் கடைசியில்தான் சட்டிக்குள் இறங்குகிறது. நேற்று வைத்த குழம்பு இன்றைக்கு ருசிக்கிறது என்பது உண்மை. அது ஊறுவதால் வரும் ருசி, வேகவைத்ததால் வருவது அன்று. அதிகம் வெந்த மீன் நீரை இழந்து சக்கையாகிறது. மசாலாவின் வேலையைச் சுருக்கிவிட்டால் மீனுக்கு நேரமே வேண்டியதில்லை.

பாகு பூசிய மீன் செய்வது அந்தச் சுருக்கத்தைத்தான். கிளேஸ் என்ற பெயரில் சமையல் வீடியோக்களில் வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் அது ஜப்பானின் தெரியாக்கியைப் பார்த்துச் செய்வது. தெரி என்றால் பளபளப்பு, யாக்கி என்றால் வாட்டியது. சோயா சாஸ், மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சாக்கே, சர்க்கரை நான்கையும் சுண்டவைத்து மீன்மேல் பூசுகிறார்கள். வீடியோவில் காட்டும் மீனோ குளிர்நாட்டுச் சால்மன். அதை வாங்க ராயபுரத்துக்காரர் ஏன் குளிரூட்டிய கடைக்குப் போக வேண்டும்? பளபளப்பைத் தருவது சோயா அல்ல. இனிப்பும் புளிப்பும் உப்பும் கலந்த நீர் ஆவியாகிக் கெட்டிப்பட்டு ஒட்டும் நிலைக்கு வருவதுதான். அந்த நிலைக்குத் தமிழில் எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது: பிசுக்குப் பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிய கையும், புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் கிளறிய கையும் இந்த வேலையைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. பக்கத்தில் இலங்கையில் சிங்களவர்கள் அம்புல் தியல் என்று ஒன்று செய்கிறார்கள். கொறுக்காய்ப்புளியை அரைத்து மிளகோடு சூரைத் துண்டுகளில் அப்பி, நீர் முழுக்க வற்றும்வரை வைத்தால் கருத்த பூச்சாகப் புளி மீனைப் பிடித்துக்கொள்ளும். அதில் இனிப்பு இல்லை. ஆனாலும் புளிப்பைக் குழம்பாக விடாமல் பூச்சாகச் சுண்டவைக்கும் யோசனை வங்காள விரிகுடாவுக்குப் புதிதல்ல என்று அது காட்டுகிறது.

மீனில் இனிப்பா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். வத்தக்குழம்பில் வெல்லம் கிள்ளிப் போடுவதை யாரும் இனிப்பு என்று சொல்வதில்லை. புளியின் கூர்மையை அது மழுக்குகிறது, அவ்வளவுதான். இங்கேயும் நாக்கில் முதலில் படுவது புளிப்பும் உறைப்பும், கருப்பட்டி பின்னால் லேசாக வரும். புளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடல் மீனின் உடம்பில் இயற்கையாக இருக்கும் ஒரு பொருள், மீன் செத்த பிறகு நுண்ணுயிர்களால் ட்ரைமெத்திலமைன் என்று மாறுகிறது. கவிச்சி வாடை என்று நாம் சொல்வது முக்கியமாக அதைத்தான். அது காரத்தன்மை உடையது, அமிலம் பட்டால் ஆவியாகப் பறக்காமல் அடங்கிவிடும். நம் பாட்டிமார் மீனைப் புளித்தண்ணீரில் அலசியதற்கும், மீன் குழம்பில் புளி தவறாமல் இருப்பதற்கும் வேதியியல் இதுதான். ஆகவே, அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் வாடைக்குச் சங்கடப்படுவார் என்று மீனைத் தவிர்ப்பவர்களுக்கு, ஆழ எண்ணெயில் பொரிப்பதைவிட இந்த முறை எவ்வளவோ மேல்.

செய்முறையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். முக்கால் கிலோ காணாங்கத்தை வாங்கினால் (கானாங்கெளுத்தி என்று தெற்கே சொல்வது இதைத்தான்), தலை, குடல் போக நான்கு பேருக்குச் சரியாக இருக்கும். வெட்டித் தருகிறவரிடம் வட்டத் துண்டு போட வேண்டாம், முதுகோரமாகக் கீறி இரண்டு பக்கமாகப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்கலாம். வீட்டில் கழுவியதும் துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பதுதான் முழுச் சமையலிலும் முக்கியமான வேலை. தோலில் தண்ணீர் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது, மீன் வறுபடாமல் அவிந்து சட்டியில் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள், உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் தடவிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து, நாலு பல் பூண்டும் ஒரு துண்டு இஞ்சியும் நசுக்கி, கருப்பட்டியைத் துருவி இரண்டு தேக்கரண்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். தோசைக்கல்லோ இரும்புச் சட்டியோ நன்றாகக் காய்ந்ததும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, தோல் கீழே இருக்கும்படி மீனைப் போட வேண்டும். போட்டபின் தொடக் கூடாது. மூன்று நான்கு நிமிடத்தில் தோல் முறுகித் தானே கல்லை விட்டுக் கிளம்பும். கரண்டியால் தள்ளும்போது வரவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள். திருப்பி ஒன்றரை நிமிடம், பிறகு தட்டில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

அதே சட்டியில், அதே எண்ணெயில் பூண்டும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டு, சிவந்ததும் தீயைத் தணித்து ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள். அது கருகுமுன் புளிக்கரைசல், பிறகு கருப்பட்டி, ஒரு சிட்டிகை உப்பு. முதலில் சின்னச் சின்னக் குமிழிகள் சலசலவென்று வரும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழி பெரிதாகி, சோம்பலாக எழுந்து மெதுவாக உடையும். கரண்டியைச் சட்டியின் குறுக்கே இழுத்தால் ஒரு நொடி தடம் நின்று பிறகு மூடிக்கொள்ளும். அதுதான் பதம். அதற்குமேல் வைத்தால் கருப்பட்டி கருகிக் கசக்கும். சர்க்கரை எதுவானாலும் நீர் இருக்கும்வரை பாகாகவே இருக்கும், நீர் போனதும் கருகத் தொடங்கிவிடும். இந்த உணவில் பெரும்பாலோர் சறுக்கும் இடமும் அதுவே: மசாலாவோடு சேர்த்து வெல்லத்தையும் முதலிலேயே மீனில் தடவிவிடுகிறார்கள், மீன் வேகுமுன் வெளிப்பக்கம் கரியாகிறது. இனிப்பு எப்போதும் கடைசியில். மீனை மறுபடி சட்டியில் வைத்து, பாகைக் கரண்டியால் மொண்டு மேலே ஊற்றி ஊற்றி ஒரு நிமிடம் வைத்தால், செம்பழுப்பாக மின்னும். பக்கத்து அடுப்பில் சோறு. முருங்கைக்கீரையோ கோஸோ ஒரு பொரியல். மீனை எடுத்த சட்டியில் ஒரு பிடி சோறு போட்டு வழித்துச் சாப்பிடும் உரிமை யாருக்கு என்பதை அந்தந்த வீடு தீர்மானித்துக்கொள்ளட்டும்.

ஆரோக்கியம் என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டியைப் போடச் சொல்வது சரியா? இது நியாயமான கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று கணக்கிட்டது. கருப்பட்டி என்பதால் சர்க்கரை சர்க்கரையில்லாமல் போய்விடாது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் அளவைப் பாருங்கள். இரண்டு தேக்கரண்டி என்பது சுமார் 10 கிராம், நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டரை கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையில் குடிக்கும் ஒரு டீயிலேயே இந்த இரண்டரை கிராமைப்போல மூன்று நான்கு மடங்கு போய்விடுகிறது. அதற்குப் பதிலாக ஆளுக்கு 100 கிராம் மீனில் கிடைப்பது ஏறத்தாழ 20 கிராம் புரதம். காணாங்கத்தை, மத்தி போன்ற கொழுப்பு மீன்களில் இதயத்துக்கு நல்லதென்று மருத்துவர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பும் சேர்ந்தே வருகிறது. அந்தக் கொழுப்பு அதிகச் சூட்டில் கெடக்கூடியது. ஆழமான எண்ணெயில் முக்கிப் பொரித்து, மிஞ்சிய எண்ணெயை எடுத்து வைத்து மறுநாளும் காய்ச்சுவதோடு ஒப்பிட்டால், நான்கு பேருக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்பது எங்கேயோ இருக்கிறது. பாட்டில் சாஸைத் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்குமான வரம்பே 5 கிராம். புளியின் புளிப்பு உப்புக்குறையை மறைத்துவிடும் என்பதால், நம் பாகில் உப்பைக் குறைத்தே போடலாம்.

எந்த மீன் என்பதில் நம் பழக்கம் உடம்புக்கும் பணத்துக்கும் எதிராக இருக்கிறது. விருந்தாளி வந்தால் வஞ்சரம், வவ்வால். காணாங்கத்தையும் மத்தியும் கவலையும் ஏழை வீட்டு மீன். சத்துக் கணக்கில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். பாகுக்கும் கொழுப்பு மீன்தான் தோது, புளிப்பு அந்தக் கொழுப்பின் கனத்தை வெட்டிக்கொடுக்கும். திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீனுக்கென்றே அண்மையில் ஒரு துறைமுகம் எழுந்திருக்கிறது. சிவந்த சதை என்று நம்மவர்கள் ஒதுக்கும் அந்தச் சூரை, உதிராமல் கட்டியாக நிற்பதால் பாகில் புரட்ட மிக அருமையான மீன். ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும். காணாங்கத்தை, சூரை, மத்தி வகைகள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலைவலியும் அரிப்பும் வருவது அதனால்தான். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. சாயங்காலம் தெருமுனையில் மலிவாகக் கிடைக்கும் மீனில், செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, விரலால் அழுத்திய பள்ளம் உடனே எழும்புவதாக இருந்தால் மட்டும் வாங்க வேண்டும். காலையில் வாங்கி வேலைக்குப் போகிறவர் மீனை அப்போதே சுத்தம் செய்து, மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜின் குளிரான தட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ராத்திரிவரை ஒன்றும் ஆகாது. விசைப்படகுகள் ஒரு வாரம்கூடக் கடலில் தங்கி வருவதால் அந்த மீன் பல நாள் ஐஸில் இருந்திருக்கும். ஃபைபர் படகுகள் பெரும்பாலும் அன்றன்றைக்கே கரை திரும்புகின்றன. பெரிய மீனுக்கு விசைப்படகு, சின்ன மீனுக்கு ஃபைபர் படகு என்று வாங்குவது நல்ல கணக்கு.

முள்ளைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு மறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காணாங்கத்தையின் நடுமுள், வெந்தபின் வாலோரம் பிடித்து இழுத்தால் சீப்பு மாதிரி முழுசாக வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாறை அல்லது சீலாத் துண்டு இன்னும் வசதி.

இத்தனையும் சொன்ன பிறகும் வட சென்னையில் ஒருவர் கேட்கக்கூடிய, கேட்க வேண்டிய கேள்வி மிச்சமிருக்கிறது: எங்கள் கடல் மீனை நம்பிச் சாப்பிடலாமா? 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், கரையில் ஆட்கள் வாளியால் அதை அள்ளியதும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தை மூடியது. காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் மக்களின் வலையும் படகும் பிழைப்பும் அந்தக் கறுப்பில் மூழ்கின. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து கழிமுகத்தின் ஆழத்தையே குறைத்திருக்கிறது. இவற்றை மறைத்துவிட்டு மீன் நல்லது என்று எழுதுவது நேர்மையாகாது. ஆனால் பயத்துக்கும் எல்லை வகுக்க வேண்டும். கழிமுகத்தின் சேற்றிலேயே வாழ்ந்து, தண்ணீரை வடிகட்டித் தின்னும் மட்டி வகைகளிலும், அடிமட்டத்தில் மேயும் நண்டிலும்தான் உலோகக் கழிவு சேரும் வாய்ப்பு அதிகம். அவற்றை எண்ணூர் கழிமுகத்திலிருந்து பிடித்தது என்று தெரிந்தால் தவிர்ப்பதே அறிவு, குறிப்பாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும். காணாங்கத்தையும் மத்தியும் திறந்த கடலில் கூட்டமாக இடம்பெயரும் மீன்கள். மிதவை உயிர்களைத் தின்பவை, ஆயுளும் குறைவு. பாதரசம் போன்ற நஞ்சு, பெரியது சின்னதைத் தின்னத் தின்ன மேலே மேலே சேரும் ஒன்று. ஆகவே அந்தக் கணக்கிலும் சின்ன மீனே மேல். வஞ்சரத்தின் நெருங்கிய உறவான ஒரு பெரிய அட்லாண்டிக் மீனையும், சுறாவையும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சின்னக் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க அரசு பட்டியலிட்டிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு கிண்டிக் கொடுக்கும் நம் வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் மறுபடி யோசிக்கத்தான் வேண்டும்; நெத்திலியோ காணாங்கத்தையோ அதே அக்கறையோடு கொடுக்கலாம்.

2023 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு, கழிமுகத்தின் பக்கமே போகாத கடல் மீனையும் மக்கள் வாங்கத் தயங்கினார்கள். தவறு செய்யாத மீனவருக்கு அது இரண்டாவது தண்டனை. எது எங்கே பிடிபட்டது என்று வாங்குகிறவர் கேட்டு, விற்கிறவர் சொல்லும் வழக்கம் வந்தால் அந்தத் தண்டனை குறையும். கூடைக்காரப் பெண்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பதில் தெரியும், கேட்பவர்கள்தான் குறைவு. கழிமுகத்து மீனை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மீன்வளத் துறையும் தொடர்ந்து சோதித்து, முடிவைத் தமிழில் காசிமேட்டின் வாசலிலேயே ஒட்டி வைக்க வேண்டும். மீனைத் தின்பவருக்கும் பிடிப்பவருக்கும் ஒன்றுபோல உரிமையுள்ள தகவல் அது.

கடைசியாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக 2017 முதல் கிழக்குக் கரையில் 61 நாள் விசைப்படகுகள் நிற்கின்றன. வஞ்சரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போகிறது, அந்த இரண்டு மாதம் மீனே வேண்டாம் என்று பல வீடுகள் முடிவெடுத்துவிடுகின்றன. ஆனால் நாட்டுப் படகுகளுக்குத் தடையில்லை. பெரியகுப்பத்திலும் திருவொற்றியூர் கரையிலும் அவை அப்போதும் போய்வருகின்றன. அவற்றின் வலையில் அதிகம் ஏறுவது காணாங்கத்தையும் கவலையும் நெத்திலியும்தான். படகு எந்த நேரத்துக்குக் கரையேறுகிறது என்று தெரிந்து வைத்திருக்கிற வீட்டில், மே மாதத்துப் புதன்கிழமை ராத்திரியிலும் சட்டியில் பாகு சுண்டும்.